நெஸ்டா விட்டுவைத்த பதினோரு மரங்கள்

நெஸ்டா ப்ரோஸருக்கு அந்த இலையுதிர்காலத்தில் அறுபத்தொரு வயது. வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, சனிக்கிழமை முழுக்கக் காட்டில். வேல்ஸின் இந்தப் பள்ளத்தாக்கில் சுரங்கம் மூடிய பிறகு ஊரார் சேர்ந்து வாங்கிய காடு அது. முதல் வருடம் கன்று நட முப்பது பேர் போனோம், நானும் ஒருத்தி. பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டோம். பன்னிரண்டு வருடத்தில் காட்டுக் கதவின் சாவியும் வேலைகளைக் குறித்துவைக்கும் நோட்டுப்புத்தகமும் நெஸ்டாவிடமே தங்கிவிட்டன.

அந்த வருடம் ஆஷ் மரங்களுக்கு நோய் முற்றிவிட்டது. ஓக் இலைகள் பழுப்பேறத் தொடங்கும் முன்பே அவை உச்சி மொட்டையாகி நின்றன. காற்றடித்தால் கிளைகள் முறிந்து காட்டின் ஊடே போகும் பாதையில் விழுந்தன. வெட்டி முடியும்வரை பாதையை அடைத்து, ஓரத்து நாற்பது மரங்களையும் வெட்டிவிடுவது என்று கூட்டத்தில் முடிவானது. வெட்ட வேண்டியவற்றுக்கு அடையாளமாக மரம் மரமாக ஆரஞ்சுச் சாயம் அடித்தவளும் நெஸ்டாதான். "இது முடிஞ்சதும் நானும் விலகிக்கிறேன், போதும்" என்று என்னிடம் சொன்னாள்.

திங்கட்கிழமை மரவெட்டி கெதின் வருவதாக இருந்தது. முந்தின சனிக்கிழமை, கொட்டை காய்க்கும் ஹேசல் புதர்களில் கட்டியிருந்த மரப்பெட்டிகளைக் கடைசியாக ஒருமுறை பார்க்கப் போனாள். குளிர்காலம் முழுக்கத் தூங்கும் பொன்னிற எலிகளுக்கான பெட்டிகள் அவை. சட்டம் காக்கும் அரிய உயிர் என்பதால் பெட்டிகளைத் திறக்க ஊரில் அவளுக்கு மட்டும்தான் அனுமதி உண்டு. மூன்று வருடமாக எல்லாம் காலி.

ஏழாவது பெட்டியில் கொடிப்பட்டையால் பின்னிய கூடு. உள்ளே தாயும் நான்கு குட்டிகளும். பிந்திப் பிறந்தவை, எலும்பும் தோலுமாக இருந்தன. கொட்டை தின்று கொழுக்க இன்னும் சில வாரமாவது வேண்டும். பெட்டிக்கு மேலே சாயம் பூசிய பதினோரு ஆஷ் மரங்கள். அவை விழுந்தால் இந்தப் புதரின் மேல்தான் விழும்.

மூடியைப் போட்டுவிட்டு ஈர இலைகளின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "சந்தோஷமே வரல. ஐயோ, இன்னொரு வேலையான்னுதான் இருந்துச்சு. பேசாம போயிடலாம், யாருக்குத் தெரியப்போகுதுன்னுகூட நெனச்சேன்" என்றாள் பின்னால்.

ஆனாலும் அங்கிருந்தே கெதினைப் போனில் கூப்பிட்டாள்.

"பதினோரு மரத்த விட்டுடு கெதின். மத்தத வெட்டிக்கோ."

"அப்புறம் எனக்குப் பிப்ரவரியிலதான் நாள் இருக்கு. அதுவரைக்கும் பாதைய தெறக்க முடியாதே?"

"முடியாதுதான்."

பேருந்து நிறுத்தத்துக்கு அந்தப் பாதைதான் குறுக்குவழி. அது அடைபட்டால் மேட்டுச் சாலையைச் சுற்றித்தான் வர வேண்டும். முழங்கால் தேய்ந்துபோன எம்லினுக்கு எழுபத்தாறு வயது. கடையில் எல்லோர் முன்னாலும் நெஸ்டாவைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா நெஸ்டா, எலி நல்லா இருக்கா? படுக்கையெல்லாம் வசதியா? நாங்க மழையில நனைஞ்சா பரவால்ல, அதுக்குச் சளி புடிச்சிரப் போவுது!"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நெஸ்டா ரொட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

நவம்பர் நடுவில் பெட்டி காலியாகிவிட்டது. குளிர்காலத் தூக்கத்துக்காக எலிகள் மண்ணுக்கு இறங்கியிருக்கும். நான்கு குட்டிகளும் பிழைத்தனவா என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

அந்த மாதக் கூட்டத்தில் சாவியையும் நோட்டையும் மேசைமேல் வைத்தாள். "வேற யாராச்சும் பாத்துக்கோங்க. நான் ஓய்ஞ்சு போயிட்டேன்."

யாரும் கை நீட்டவில்லை. எம்லின்தான் தொண்டையைச் செருமினார். "நீ போயிட்டா நான் யாரம்மா திட்டுறது?"

"என்னை வீட்டுக்கு வந்து திட்டுங்க எம்லின். உக்காந்து கேக்குறேன்" என்றாள். கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். சாவி வெகுநேரம் மேசையில் கிடந்தது. கடைசியில் நான் எடுத்துக்கொண்டேன், வெட்கத்தால்தான்.

பிப்ரவரியில் கெதின் எலிகள் தூங்கும் வேர்மண்ணைக் கிளறாமல் பதினோரு மரங்களையும் ஒவ்வொன்றாகக் கயிறு கட்டி இறக்கினான். விழுந்த கிளைகளை எம்லினும் நானும் ஒதுக்கினோம். நெஸ்டாவைக் கூப்பிட்டேன், வரவில்லை. அன்று சனிக்கிழமை, மதியம் வரை தூங்கியதாகச் சொன்னாள்.