என் நாத்தனார் போட்ட கையெழுத்து

என் புருஷனின் தங்கையைப் பற்றிச் சொல்வதென்றால், முதலில் அவளை நாலு திட்டுத் திட்டிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் ஒரே பரிசோதனைக்கூடத்தில், ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். என் புருஷன் போன பிறகு வீட்டில் அவளும் நானும்தான். நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பது வருஷம் விரிப்பு துவைத்தவள், கைநாட்டு. அவள் படித்தவள். சண்டை போடாத நாள் கிடையாது.

அவள் வேலை என்ன என்று கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு உயிருக்குள்ளேயும் நாலே நாலு எழுத்தை வைத்து எழுதிய நீளமான சங்கதி ஒன்று இருக்கிறது. டிஎன்ஏ என்கிறார்கள். நமக்கும் உண்டு, கிருமிக்கும் உண்டு. அவர்களுடைய மெஷினுக்கு அதை முழுசாகப் படிக்கத் தெரியாது. கிழித்துப் போட்ட காகிதம் மாதிரி துண்டு துண்டாகத்தான் படிக்கும். அதை இவள் எழுதிய புரோகிராம் முப்பத்தோரு எழுத்து நீளத்துக்கு நறுக்கி, எந்தத் துண்டு எத்தனை தடவை வந்தது என்று எண்ணும். என்ன கிருமி இருக்கிறது என்று அந்த எண்ணிக்கை காட்டிக்கொடுத்துவிடும்.

"எண்றதுல என்னடி பெரிய கஷ்டம்? சின்னப் புள்ளையும் எண்ணுமே."

"கோடிக்கணக்குல வரும் அண்ணி. வர்றதுக்கெல்லாம் இடம் குடுத்தா மெஷின் மூச்சு முட்டி நின்னுடும்."

அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். ஒரே ஒரு தடவை வந்து காணாமல் போகிற துண்டுகள்தான் ஏராளம். அதில் பெரும்பாலும் மெஷின் தப்பாகப் படித்த குப்பை. அதனால் முதல் தடவை வருகிற துண்டுக்கு இவள் நாற்காலி போடமாட்டாள். வாசலிலேயே ஒரு புள்ளி வைத்து அனுப்பிவிடுவாள். இரண்டாம் தடவை வந்தால்தான் உள்ளே இடம். அலமாரி அளவு மெஷின் வேண்டும் என்று மற்றவர்கள் கேட்ட வேலையை, மேசைக்கு அடியில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் முடித்துக் காட்டியவள் இவள்.

இன்னொன்றும் உண்டு. டிஎன்ஏ இரட்டை இழை. ஒரே துண்டை இந்த இழையில் இப்படியும் எதிர் இழையில் தலைகீழாகவும் மெஷின் படிக்கும். பார்த்தால் இரண்டு மாதிரி, உள்ளது ஒன்றுதான். அதனால் ஒவ்வொரு துண்டையும் திருப்பிப் பார்த்து, இரண்டையும் ஒரே கணக்கில் சேர்ப்பாள். இது எனக்கு உடனே புரிந்துவிட்டது. உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி மடித்தால் ஒரு விரிப்பு இரண்டாகிவிடுமா என்ன?

எனக்குப் புரிந்தது அவளுடைய மேலதிகாரிக்குப் புரியவில்லை. கொளுத்துகிற வெயிலிலும் கோட்டைக் கழற்றாத ஆள். கோட்டுக்காரர் என்றுதான் அங்கே எல்லோரும் சொல்வார்கள். வெளியிலிருந்து பெரிய மனிதர்கள் பார்க்க வருகிறார்கள், சீக்கிரம் முடித்துக் காட்ட வேண்டும் என்று, அந்தத் திருப்பிப் பார்க்கிற வேலையை அவரே அணைத்துவிட்டார். இவள் "வேணாம் சார்" என்றாளாம். ஒரே ஒரு தடவை. அதோடு சரி.

அந்த வாரம்தான் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், பிறந்த குழந்தைகள் வார்டில் மூன்று குழந்தைகளுக்குக் காய்ச்சல். அந்த வார்டுக் குழாய்த் தண்ணீர் இவளிடம் பரிசோதனைக்கு வந்தது. அதில் கிருமி கொஞ்சமாகத்தான் இருந்தது. அதன் துண்டுகள் இரண்டு இரண்டு தடவைதான் வந்தன: இந்தப் பக்கமாக ஒன்று, அந்தப் பக்கமாக ஒன்று. திருப்பிப் பார்க்காததால் இரண்டும் வேறு வேறாகத் தெரிந்து, ஒற்றைத் துண்டு என்று வாசலோடு போயின. தண்ணீர் சுத்தம் என்று அறிக்கை போய்விட்டது.

அடுத்த வாரம் இன்னும் இரண்டு குழந்தைகளுக்குக் காய்ச்சல். இவளுக்குச் சந்தேகம் வந்து, அணைத்ததைப் போட்டு மறுபடி ஓட்டினாள். கிருமி இருந்தது. ஓடிப்போய்க் கோட்டுக்காரரிடம் சொன்னாள். அந்த மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு கடிதம் அடித்து நீட்டினார்.

மத்தியானம் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து நின்றாள்.

"என்னடி காகிதம்?"

"புரோகிராம்ல தப்பு, நான்தான் பொறுப்புன்னு எழுதியிருக்கு. கையெழுத்து கேக்கறார்."

"அணைச்சது நீயா?"

"அவர்தான். அவர் பேரு, தேதி, மணி எல்லாம் மெஷின்ல பதிஞ்சிருக்கு."

"அப்ப அவர் மூஞ்சியில வீசிட்டு வராம, பத்திரமா மடிச்சு எடுத்துட்டு வந்திருக்கே? உப்புப் போட்டுத்தானே திங்கறே?"

"நான் கையெழுத்து போட்டாத்தான் திருத்தின அறிக்கையில அவர் கையெழுத்து போடுவாராம் அண்ணி. அதுவரைக்கும் அந்தக் குழாயிலதான் புள்ளைங்களைக் குளிப்பாட்டுவாங்க."

எனக்கு ரத்தம் கொதித்தது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த ஆள் கிள்ளிவிட்டு, தொட்டிலை ஆட்டுவதற்குக் கூலி கேட்கிறார். இவள் பையில் பேனாவைத் துழாவுகிறாள்.

"பேனாவை உள்ளே வையிடி! குழாயை மூடறதுக்கு அவர் கையெழுத்து எதுக்கு? உனக்கு வாய் இல்ல?"

"அனுமதியில்லாம முடிவை வெளியில சொல்லக்கூடாது. விதி."

"அந்த விதியைக் கொண்டுபோய் அந்தப் புள்ளைங்ககிட்ட படிச்சுக் காட்டு."

அந்த வார்டு நர்ஸின் நம்பர் என் போனில் உண்டு. விரிப்பில் கறை போகவில்லை என்று பத்து வருஷம் என்னோடு மல்லுக்கு நின்றவள். கூப்பிட்டேன்.

"என்ன சலவையம்மா, வேலையை விட்டும் சண்டையை விடலையா?"

"சண்டை அப்புறம். இவ சொல்றதைக் கேளு" என்று போனை நாத்தனாரின் காதில் அழுத்தினேன்.

அவள் போனை வாங்கிப் பிடித்துக்கொண்டாள். குரல் நடுங்கவில்லை. "தண்ணியில கிருமி இருக்கு மேடம். நாங்க குடுத்த அறிக்கை தப்பு. குழாயை மூடுங்க."

"எழுத்துல இருக்கா?"

"இல்ல. நான் சொல்றேன், அவ்வளவுதான்."

"நீங்க யாரு?"

"அந்தக் கணக்கை எழுதினவ."

"மூடறேன். ஆனா எழுத்துல கேட்டு உங்க ஆபீசையே உலுக்கப்போறேன், சொல்லிட்டேன்."

சொன்னபடியே உலுக்கினாள். குழாய் அப்போதே மூடப்பட்டது. அன்று சாயங்காலமே கோட்டுக்காரர் கையெழுத்தோடு திருத்திய அறிக்கையும் போனது. குழந்தைகள் பிழைத்துக்கொண்டன. நாத்தனார் முதல் கடிதத்தைக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் கோட்டுக்காரர் இரண்டாவது கடிதம் நீட்டினார். அனுமதி இல்லாமல் முடிவை வெளியில் சொன்னாள், அதனால் வேலையிலிருந்து நீக்கம், ஒப்புக்கொள்கிறேன் என்று. அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள் இந்தப் புண்ணியவதி! பத்து மணிக்கெல்லாம் சாப்பாட்டு டப்பாவோடு வீட்டில் நிற்கிறாள். டப்பாவைத் திறக்கக்கூட இல்லை.

"ஒண்ணுல போடமாட்டேன்னுட்டு இன்னொண்ணுல ஏண்டி போட்டே?"

"இதுல எழுதியிருக்கறது நான் செஞ்சதுதானே அண்ணி. முதல் கடுதாசியில இருந்தது பொய்."

"வேலை போச்சேடி!"

"போச்சு. ஆனா என் கணக்கு தப்புன்னு என் கையாலயே எழுதித் தரலையே."

அவள் சொல்வது நியாயம்தான். நியாயமாக இருப்பதால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது. இன்றைக்கும் அங்கே ஓடுவது அவள் எழுதிய புரோகிராம். அணைத்தவர் நாற்காலியில் இருக்கிறார். எழுதியவள் வீட்டில் என்னோடு உட்கார்ந்து துணி மடிக்கிறாள்.

இதையெல்லாம் நான் யாரிடமாவது சொல்லும்போது, "போதும் விடுங்க அண்ணி" என்கிறாள்.

போதாதுடி.