ஸ்லைடை ஆடவிட்டுப் பட்ட பாடு

எங்கள் தொழிலில் எழுத்து சும்மா நின்றால் வேலை கொடுத்தவருக்குப் பிடிக்காது, பறந்து வந்தால் பார்க்க வந்தவருக்குப் பிடிக்காது. ஜெராக்ஸ், டைப்பிங், ஸ்லைடு என்று கடை விரித்து உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்ற பாவப்பட்ட ஜென்மங்களே, நீங்களும் பட்டிருப்பீர்கள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் நான் பட்டதையும் கேளுங்கள்.

அந்த மாசம் என் கையில் ஒரு பெரிய வேலை இருந்தது. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை போடுகிற பெண்கள் குழுவுக்குப் பாண்டியம்மா அக்காதான் தலைவி. பூவைக் கெடாமல் வைக்க ஒரு குளிர் அறை வேண்டும் என்று அதிகாரிகள் முன்னால் பேச அவருக்கு ஐந்து நிமிஷம் கிடைத்திருந்தது. போன வருஷம் கேட்டு இல்லையென்று ஆகிவிட்டது. இந்த வாட்டியும் இல்லையென்றால் பாதிப்பேர் செடியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று சொல்லி, வேலையை என் தலையில் வைத்துவிட்டுப் போனார். அதை முடிப்பதற்குள் எனக்கு இரண்டு அசிங்கம் நடந்தது.

துள்ளி வந்த பெரியவர்

தாடிக்கொம்பில் ஒருவருடைய அப்பாவுக்கு முதலாம் ஆண்டு நினைவு நாள். போட்டோ எல்லாம் சும்மா வந்து நிற்கக் கூடாது, கெத்தாக வரவேண்டும் என்றார் மகன். எனக்கும் கை சும்மா இருக்கவில்லை. பந்து மாதிரி துள்ளி வருகிற எஃபெக்டைப் போட்டுக் கொடுத்தேன்.

மாலை, ஊதுபத்தி, கண்ணீர் எல்லாம் தயாராக இருக்கையில் திரையில் பெரியவர் மேலிருந்து தொப்பென்று விழுந்து, மூன்று துள்ளு துள்ளி நின்றார். ஒரு சின்னப் பிள்ளை சிரித்தது. அப்புறம் பந்தலே சிரித்தது. லேப்டாப் பக்கத்தில் நின்ற எனக்கு உசுரே போய்விட்டது. பெரியவருடைய சம்சாரம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இருந்தவரைக்கும் கட்டில விட்டு எந்திரிக்கவே அம்புட்டு நேரமாகும், இப்பப் பாரு, என்னமாத் துள்ளி வாராரு."

யார் பேர் முதலில்?

நம் ஊரில் கல்யாணப் பத்திரிகையில் பேர் வரிசை மாறினால் சொந்தமே முறிந்துபோகும், தெரியும்தானே? வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில் ஒன்றில் ஆண்டு விழா. வரவேற்பு ஸ்லைடில் முதலாளி பேரை உச்சியில் வைத்துத்தான் அடித்தேன். ஆனால் ஒவ்வொரு பேரையும் பறந்து வர வைக்கும்போது கடைசிப் பேரில் தொடங்கி மேலே எஃபெக்ட் போட்டுத் தொலைத்தேன். எந்தப் பேருக்கு முதலில் போட்டோமோ அதுதான் முதலில் வரும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அவசரப் புத்தி.

விழாவில் முதல் பேராக வந்தது கேண்டீன் நடத்துகிறவருடையது. பொன்னாடையோடு நின்ற ஆள் திரையைப் பார்த்தார், நேராகப் போய் அவருக்குப் போர்த்திவிட்டார். கைதட்டு வேறு. முதலாளி பேர் கடைசியாக வந்தபோது பொன்னாடை தீர்ந்திருந்தது. மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள், கேண்டீன்காரர் தேடி வந்து சொன்னதுதான் மனசில் நிற்கிறது: "இருவது வருசமா சோறு போடுறேன் தாயி, இன்னைக்குத்தான் எம்பேரு முன்னால வந்துச்சு, அத மட்டும் மாத்திராத."

அசையாத கூடை

இதற்கப்புறம் பாண்டியம்மா அக்கா வந்து, முதல் ஸ்லைடில் மல்லிகை மழையாகக் கொட்டவேண்டும், எழுத்தெல்லாம் சுற்றிச் சுற்றி வரவேண்டும் என்றதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு மழையும் கிடையாது என்றேன். மற்ற குழுவுக்கெல்லாம் சுற்றுகிறதே, எங்களுக்கு மட்டும் என்ன கேடு என்று அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். விடிகாலையில் பறித்த மொட்டை ஒரு கூடையில் வைத்து ஒரு போட்டோ, கூடையையும் செல்போனையும் நகர்த்தாமல் மறுநாள் மத்தியானம் இன்னொரு போட்டோ, அது போதும் என்று விரட்டிவிட்டேன். முணுமுணுத்துக்கொண்டே எடுத்து வந்தார். முதல் படம் மெல்ல மங்கி இரண்டாவது படமாக மாறுகிற மாதிரி ஒன்றே ஒன்று போட்டேன். ஐந்து நொடி. அந்த ஐந்து நொடியும் வாயைத் திறக்கக் கூடாது என்று அக்காவிடம் சத்தியம் வாங்கினேன்.

அன்றைக்கு எங்களுக்கு முன்னால் பேசின குழுவின் எழுத்தெல்லாம் ராட்டினம் சுற்றியது. அதிகாரிகள் குனிந்து செல்போன் பார்த்தார்கள். எங்கள் முறை வந்தது. திரையில் வெள்ளை மொட்டு. சத்தமே இல்லை. அதே கூடையில் மொட்டெல்லாம் மெல்ல விரிந்து, ஓரம் பழுத்து, துவண்டுபோனது. ஒருத்தரும் பேசாததால்தான் அதிகாரிகள் தலை நிமிர்ந்தார்கள் என்று நினைக்கிறேன். நடுவில் இருந்த பெரிய அதிகாரி, கொஞ்சம் பின்னால் போங்கள், மறுபடி பார்ப்போம் என்றார். பட்டனைத் தட்டினேன். துவண்ட பூ சட்டென்று மொட்டாகி நின்றது. அதைப் பார்த்த அக்கா திரையைக் கைகாட்டிச் சொன்னார்: "இந்தப் பட்டன் எங்க காட்டுல இல்லைங்க சார், அதான் ரூமு கேக்குறோம்."

அறை வந்துவிட்டது, அக்காவின் பேச்சால் வந்தது என்று ஊரே சொல்கிறது, அந்த ஐந்து நொடி அவரைப் பேசாமல் இருக்க வைக்க நான் பட்ட பாடு நமக்குள்ளேயே இருக்கட்டும்.