சிவப்பு டேப் ஒட்டிய கூண்டு

வீட்டில் எலி வளர்க்கிறோம் என்று சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். என் கணவரோடு வேலை பார்த்தவர் வடக்கே மாற்றலாகிப் போனபோது கூண்டோடு கொடுத்துவிட்டுப் போன எலிகள் அவை. பெங்களூரில் கடையில் வாங்கிய வளர்ப்பு எலிகள், ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு ஆண்கள். பாகலூர் சாலையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மா கேழ்வரகு மூட்டைக்குப் பக்கத்தில் எலி மருந்து வைக்கிறவர். படியேறி வந்து கூண்டைப் பார்த்தார். "நானு மருந்து வெக்கிறேன், நீங்க சோறு வெக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வந்த புதிதில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுத்துத் தூங்கும். சந்தன நிறத்தில் பருமனாக இருந்தவனைப் பெரியவன் என்றோம். தலை மட்டும் சாம்பல் நிறமாக இருந்தவன் சின்னவன். எங்களுக்குக் குழந்தை இல்லை, அதனால்தான் எலிமேல் இவ்வளவு பாசம் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். பேசட்டும். பெரியவன் என் செல்லம். நான் ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்தால் சுடிதார் கைக்குள் நுழைந்து தோள்வரை ஏறிவிடுவான். சின்னவன் என் கணவரிடம் ஒட்டிக்கொண்டான்.

வளர்ந்ததும் சண்டை வந்தது. பொழுது சாய்ந்தால் போதும், கூண்டுக்குள் கீச்சென்று சத்தம் கிளம்பும். கத்துகிறவன் எப்போதும் சின்னவன்தான். பின்னங்காலில் எழுந்து நின்று, முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு, பல் தெரியக் கத்துவான். பெரியவன் வாயே திறக்கமாட்டான். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு மெல்ல நகர்வான். வம்பு வேண்டாம் என்று ஒதுங்கிப் போகிறான், என்ன பொறுமை என்று நான் உருகிப்போனேன். அவன் முதுகு முடியெல்லாம் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். நான் விருதுநகர்ப் பக்கத்து வெயிலில் வளர்ந்தவள். இந்த ஓசூர்க் குளிர் எனக்கே இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பாவம், குளிரில் நடுங்குகிறான் என்று கூண்டின்மேல் போர்வையை மடித்துப் போட்டேன்.

ஒரு நாள் பெரியவனின் மூக்கில் ரத்தக் கீறல். எனக்கு இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? வண்டி உதிரிபாகக் கம்பெனியில் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. கழித்துக்கட்டும் சாமானைச் சிவப்புத் தொட்டியில் போட்டுவிடுவோம், நல்லதோடு கலக்கவே கூடாது. அந்தப் பழக்கத்தில் சின்னவனைப் பிடித்துச் சின்னக் கூண்டில் தனியாக விட்டு, கதவில் சிவப்பு டேப் ஒட்டினேன். அதற்கு முன்பே, ஆதாரம் இருக்கட்டும் என்று ஒரு சண்டையை மொபைலில் படமும் பிடித்து வைத்திருந்தேன்.

என் கணவர் பாலக்கோட்டுப் பக்கம். அதிகம் பேசாதவர், அன்றைக்குப் பேசினார்.

"ஏம்மா, எலியக்கூடவா ரிஜெக்ட் பண்ணுவ?"

"டேப் ஒட்டலைனா நீங்க மறந்து திறந்து விட்டுருவீங்க."

"அவன் கத்துறான், அவ்ளோதான். கடிச்சி நான் பாத்ததில்ல."

"கத்துறவன்தான் கடிப்பான். நீங்க என்ன அவனுக்கு வக்கீலா?"

அவர் எழுந்துபோய்ச் சின்னக் கூண்டில் தீனி வைத்தார். ஆனால் தனியே கிடந்த சின்னவன் சரியாகச் சாப்பிடவில்லை. அது இவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு சாயங்காலம் நான் சமையலறையில் இருந்தபோது இரண்டையும் ஒரே கூண்டில் விட்டுப் பார்த்திருக்கிறார். சத்தம் கேட்டு நான் ஓடி வருவதற்குள் இரண்டும் ஒரே பந்தாக உருண்டுகொண்டிருந்தன. இவர் வெறுங்கையை உள்ளே விட்டார். சின்னவன் கட்டைவிரலில் பல்லை இறக்கிவிட்டான்.

பிரஸ் மெஷினில் நிற்கிற மனிதர். அந்தக் கை இல்லாமல் வேலை இல்லை. ஊசி போட்டுக் கட்டோடு திரும்பி வந்தவரைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. எனக்குத் தெரிந்து நாய் பூனைகளைப் பார்க்கிற டாக்டர் ஒருவர் ராயக்கோட்டை சாலையில் இருந்தார். அவருக்குப் போன் செய்தேன். காயடித்தால் மூர்க்கம் அடங்கும், ஆனால் இத்தனை சிறிய உடம்புக்கு மயக்க மருந்து ஆபத்து, சிலது விழிப்பதில்லை என்றார்.

"ஒண்ணு அவனுக்கு ஆபரேஷன். இல்லைனா அவன் இந்த வீட்ல இருக்கக் கூடாது" என்று தீர்த்துச் சொன்னேன்.

"எழுந்திரிக்கலன்னா?"

டாக்டரிடம் நேரம் கேட்க நான் மறுபடி போனை எடுத்தேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுச் சின்னவனைக் கூடையில் வைத்துக் கொண்டுபோனோம். டாக்டர் உள்ளூர்க்காரர், நர்ஸிடம் கன்னடத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே அவனைத் தராசில் வைத்தார். பிறகு பிட்டத்து முடியை ஊதி ஊதி விலக்கினார். தோலெங்கும் புண். காய்ந்த பொருக்கு, அதன்மேல் புதுப்பல் பட்ட தடம்.

"இவனையா காயடிக்கணும்?" என்றார்.

"ஆமா சார். இவன்தான் கத்திக் கத்திச் சண்டைக்குப் போறான். இன்னொருத்தனோட மூக்கைக் கிழிச்சுட்டான்." சொன்னதோடு நில்லாமல் மொபைலை எடுத்து நீட்டினேன்.

ஒருமுறை பார்த்தார். சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "இப்போ பாரும்மா."

பார்த்தேன். சத்தம் இல்லாத படத்தில் பெரியவன் முடியைச் சிலிர்த்துக்கொண்டு, பக்கவாட்டில் இடித்து இடித்துச் சின்னவனை மூலைக்குத் தள்ளினான். திரும்பி ஓடியவனைப் பின்னால் கடித்தான். போக இடமில்லாமல்தான் சின்னவன் எழுந்து நின்று கைகளை நீட்டினான். அவன் வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

"அடிக்கிறவன் பின்னால கடிப்பான். தப்பிக்கப் பாக்கறவன் மூஞ்சில கீறுவான்" என்றார் டாக்டர். "இவன் அடி வாங்கறவன்மா. அவனைக் கூட்டிட்டு வா."

நான் மட்டும் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனேன். கூண்டுக் கதவைத் திறந்ததுமே பெரியவன் வழக்கம்போலக் கைக்குள் நுழைந்து தோளுக்கு வந்துவிட்டான். கூடையில் விட மனமில்லை. அப்படியே சட்டைக்குள் பொத்திக்கொண்டுதான் வந்தேன். கடித்தவன் என்று தெரிந்தும் என் செல்லம் செல்லமாகத்தான் இருந்தான். அவன் செத்துப்போய்விடுவானோ என்று வழியெல்லாம் அவன் முதுகைத் தடவிக்கொண்டே வந்தேன்.

பெரியவனை ஆபரேஷனுக்கு உள்ளே கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். என் கணவர் சின்னவனின் கூடையை மடியில் வைத்திருந்தார். நான் சொன்னேனே, கேட்டாயா என்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் கட்டுப்போட்ட விரலால் கூடையின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

டாக்டர் கதவைத் திறந்தார். "மூச்சு இருக்குது. கண்ணு இன்னும் திறக்கல." வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துணியில் சுற்றி அவன் பக்கத்தில் வைத்திருந்தார்கள். பஞ்சு நனைந்ததுபோலத் துவண்டு கிடந்தான். நானும் அவரும் மாறி மாறி முதுகைத் தேய்த்துக்கொண்டே நின்றோம். மீசை ஒருமுறை துடித்தது. என் கணவர்தான் முதலில் பார்த்தார். "முழிச்சிட்டான்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

உடம்பில் ஊறியிருக்கும் மூர்க்கம் வடிய வாரக்கணக்கில் ஆகும், அதுவரை தனித்தனியாக வையுங்கள், சேர்க்கும்போது இருவருக்கும் பழகாத இடமாகப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதன்படி, அடுத்த மாதம் சொந்தக்காரம்மாவிடம் சாவி வாங்கி, பக்கத்துக் காலி போர்ஷனில் இரண்டு கூடைகளையும் வைத்தோம். கம்பெனியில் கொடுக்கும் தோல் கையுறையை என் கணவர் மாட்டிக்கொண்டார். இது சரிப்படவில்லையென்றால் இருவரில் ஒருவனை யாருக்காவது கொடுத்தாக வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். யாரை என்று பேசவில்லை.

கூடைகளைத் திறந்தோம். பெரியவன் தரையை மோந்தபடி நடந்து வந்தான். அவன் முடி சிலிர்க்கவில்லை, உடம்பும் பக்கவாட்டில் திரும்பவில்லை. ஆனால் அவனைக் கண்டதுமே சின்னவன் சுவரோடு ஒட்டி எழுந்து நின்று கத்த ஆரம்பித்துவிட்டான். பெரியவன் நின்று பார்த்தான். அப்படியே தரையில் வயிறு படியப் படுத்துக்கொண்டான். சின்னவன் நிறுத்தவில்லை. உடம்பே உதற, தொண்டை கிழியக் கத்தினான்.

என் கணவர் கையுறைக் கையை நீட்டினார். "எடுத்துர்லாமா? கத்துறானே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"இருங்க. கத்தி முடிக்கட்டும்" என்றேன்.

இருவரும் தரையில் உட்கார்ந்து, அவன் கத்துவதைக் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தோம்.