ஜெனரேட்டரைப் பிரித்த ஞாயிறு

தொண்ணூறுகளில் பர்மாவில், ரங்கூனை ஒட்டிய இன்சீனில் குடியிருந்தோம். வீட்டு ஜெனரேட்டர் புகை கக்கியபோது, மெக்கானிக் வேண்டாம், நானே சரிசெய்கிறேன் என்று பிரித்தேன். கழற்றிய ஒவ்வொரு சாமானிலும் மனைவி எண் எழுதிய தாளைக் கட்டிவைத்தாள். வாங்கிவந்த புது ரிங்கைப் பிஸ்டனில் மாட்டும்போது உடைத்துவிட்டேன். வெட்கத்தோடு எல்லாவற்றையும் கூடையில் அள்ளிக்கொண்டு இருவரும் கடைத்தெரு மெக்கானிக்கிடம் போனோம். அவரும் தமிழர். எண்களைப் பார்த்தார்.

"யாரு எழுதினது?"

"நாந்தான்," என்றாள்.

"சிலிண்டர் தேஞ்சிருக்கு. அதக் கடஞ்சு, அதுக்கேத்த பிஸ்டனும் ரிங்கும் தரேன். மாட்டுறத அக்கா பாத்துக்குவாங்க. நீங்க தொடாதீங்கண்ணே."

அடுத்த ஞாயிறு அவள் மாட்டினாள்; நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். கயிற்றின் இரண்டாவது இழுப்பில் ஓடியது. முகமெல்லாம் கரியோடு அவள் சிரித்த சிரிப்பை, அதற்குமுன் நான் பார்த்ததில்லை. இப்போதும் தெருவில் ஜெனரேட்டர் ஓடினால் சற்று நின்றுவிட்டுத்தான் போகிறேன்.