லிஃப்ட்காரர் வாங்கிய இரண்டு டிஸ்க்குகள்

என் வீட்டுக்காரரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். வாயால் சொல்ல முடிந்திருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன். குரல்வளையை எடுத்து ஒன்பது மாதம் ஆகிறது. கழுத்தில் ஒரு துளை இருக்கிறது, மூச்சு அதன் வழியாகத்தான். உதடு அசைகிறது, சத்தம் வருவதில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதிக் காட்டுகிறேன். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துப் பிழைத்தவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து இருபது வருஷம், "பிரேக்கு! பிரேக்கு! கண்ணை எங்க வச்சிருக்கே?" என்று தொண்டை கிழியக் கத்தியவள். அந்த டிரைவிங் பள்ளியில் எனக்கு 'ஹாரன்' என்று பட்டப்பெயர். நோட்டில் 'பிரேக்' என்று எழுதிக் காட்டுவதற்குள் வண்டி மரத்தில் ஏறிவிடும் இல்லையா, அதனால் வேலை போயிற்று.

அவருக்கு லிஃப்ட் சோதிக்கிற வேலை. அடுக்குமாடிக் கட்டடமோ ஆஸ்பத்திரியோ, புது லிஃப்ட் மாட்டினாலும் பழையதைப் பழுது பார்த்தாலும் அவர் போக வேண்டும். இரும்புக் கட்டிகளை ஏற்றி, மேலும் கீழும் ஓட்டி, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்து, அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஆள் ஏறலாம். தெருவில் சின்னப் பிள்ளைக்குக்கூட அவர் 'லிஃப்ட்காரர்'தான்.

சோதிக்கிற புத்தி வேலையோடு நிற்காமல் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. பல்பு வாங்கினால் கடையில் ஒரு தடவை, வீட்டில் ஒரு தடவை எரியவிட்டுப் பார்ப்பார். ஒருமுறை புதுக்குடை வாங்கி வந்தவர், குளியலறையில் ஷவரைத் திறந்துவிட்டு, முழு உடுப்போடு அதன் கீழே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கதவருகில் நின்று, "உங்களுக்கு மறை கழண்டுபோச்சா?" என்று கேட்டேன்.

"ரோட்டுல போய் நனைஞ்சு தெரிஞ்சுக்கறதுக்கு, இங்கயே தெரிஞ்சுக்கிட்டா நல்லதுதானே?" என்றார். குடை ஒழுகியது. அன்றே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார்.

சிரிப்பாக இருந்தாலும் அதற்கு ஒரு காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், ஒரு கடைக் கட்டடத்தில் லிஃப்டின் கயிற்றை மாற்றினார்கள். மறுநாள் திறப்பு. எடை ஏற்றிப் பார்க்க நேரமில்லை, கையெழுத்தைப் போடு என்று மேலாளர் கழுத்தைப் பிடித்தார். இவரும் போட்டுவிட்டார். ஒன்பதாம் நாள் அந்த லிஃப்ட் இரண்டு மாடி சறுக்கி இறங்கியது. உள்ளே இருந்தவர் தரை துடைக்கிற அம்மா. இரண்டு காலும் போயிற்று. அதன் பிறகு இவருக்கு இரண்டே சட்டம். புதுசு எதையும் சோதிக்காமல் நம்பக் கூடாது. பழையதில் ஒரு கயிறு அறுந்தால், மிச்சம் எத்தனை இருந்தாலும் உடனே நிறுத்திவிட வேண்டும். அதன்பின் அவர் கையெழுத்துப் போட்ட எந்த லிஃப்டிலும் யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

எனக்குத் தொண்டையில் புற்று என்று தெரிந்ததும், பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒரு வழி சொன்னார். அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் ஆயிரத்து அறுநூறு வாக்கியங்களைப் பேசிப் பதிந்து வைத்துக்கொண்டால், பிறகு ஒரு கருவியில் நான் எழுதுவதை என் குரலிலேயே பேச வைக்கலாமாம். அதற்குக் காத்திருப்போர் வரிசை நீளம், முறை வர எட்டு ஒன்பது மாதம் ஆகும், பதிவை மட்டும் பத்திரமாக வையுங்கள் என்றார்.

மூன்று வாரம் கையில் இருந்தது. எதிரொலி வரக் கூடாதென்று துணி அலமாரிக்குள் தலையை விட்டு உட்கார்ந்து பதிந்தேன். சட்டைகளுக்கு நடுவே நான், வெளியே காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர். 'நாளை மழை பெய்யக்கூடும்', 'இந்த நாற்காலி யாருடையது' என்று உப்புச் சப்பில்லாத வாக்கியங்கள். நானூறாவதில் எனக்குக் கோபம் வந்து, பட்டியலில் இல்லாததையெல்லாம் சொல்லத் தொடங்கினேன். அவரைக் கூப்பிடுகிற விதம், மகளைக் கூப்பிடுகிற விதம், 'ஐயோ, அடுப்ப அணைங்க' என்பது. எதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டார்.

அந்தப் பதிவுகள் போய் உட்கார்ந்த இடம் எங்கள் கூடத்து மூலையில் இருந்த பெட்டி. செருப்பு அலமாரி அளவுகூட இருக்காது. அவரே படித்துப் படித்து அமைத்த வீட்டுச் சர்வர். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் எழுதுவது இன்னொன்றிலும் அப்படியே எழுதப்படும். மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படம், வீடியோ எல்லாம் அதில்தான். "நெட்ல ஏத்தி வைங்கப்பா" என்று மகள் எத்தனையோ முறை சொன்னாள். "அடுத்தவன் வீட்டுப் பரண்ல நம்ம பெட்டிய வைக்கச் சொல்றியா?" என்று கேட்டு அவள் வாயை அடைத்துவிட்டார்.

போன மாதம் பேச்சுப் பயிற்சி அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. வரும் பதினெட்டாம் தேதி முறை, பதிவுகளோடு வரவும். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. கருவியில் முதலில் எதைச் சொல்வது என்று பட்டியலே போட்டேன். தொலைபேசியில் என் மூச்சுச் சத்தத்தைக் கேட்டே வைத்துவிடுகிற வங்கிக்காரனுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தேன்.

கடிதம் வந்த நான்காம் நாள் காலை பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டு டிஸ்க்கில் ஒன்று செத்துவிட்டது.

அவர் முகம் செத்துப்போயிற்று. "ரெண்டும் ஒரே கடையில ஒரே நாள் வாங்கினது. ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணுக்கும் நாள் எண்ண வேண்டியதுதான்" என்றார். வெளியூரில் இருக்கும் மகளிடம் வீடியோவில் பேசினார். அவள் பதறிவிட்டாள்.

"அப்பா, முதல்ல அம்மாவோட ஆடியோவ மட்டும் எதுலயாவது காப்பி எடுங்க. டிராயர்ல ஒரு பென்டிரைவ் கிடக்குமே, அது போதும். அஞ்சு நிமிஷ வேலை."

"அது எந்தக் காலத்துதுன்னே தெரியலம்மா. இருக்கிற ஒரே டிஸ்க்க ஓடவிட்டு, தெரியாத ஒண்ணுல எழுதறதா? ஒரு கயிறு அறுந்தா வண்டிய நிறுத்தணும். புதுசு வாங்கி, சோதிச்சு, அப்புறம்தான் தொடணும்."

"லிஃப்டும் இதுவும் ஒண்ணா? உங்களுக்கு லிஃப்ட விட்டா என்னப்பா தெரியும்? அம்மா குரல வச்சு விளையாடாதீங்க!"

வைத்துவிட்டாள். அவர் பெட்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு கை மின்விசையின் மேலே இருந்தது. மறு கையில் அந்தப் பென்டிரைவ். ஆமாம், டிராயரைத் திறந்து எடுத்தேவிட்டார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் தன் சட்டத்தைச் சந்தேகப்பட்டதை நான் பார்த்தேன்.

"அவ சொல்றதும் சரிதானோ? நீ என்ன சொல்றே?" என்று என்னிடம் கேட்டார்.

எனக்கு மகள் மேல் ஆத்திரம் பொங்கிக்கொண்டிருந்தது. என்ன தெரியுமாமே! மூன்று மாதம் என் கழுத்துத் துளையைத் துடைத்துச் சுத்தம் செய்த கை அது. அவள் வந்து இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போனவள். குறிப்பேட்டை எடுத்து, பக்கம் முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதி நீட்டினேன்.

நிறுத்துங்க.

படித்தார். பென்டிரைவை டிராயரில் போட்டார். முறைப்படி அணைத்தார். ஆறு வருஷமாக இரவு பகல் ஓடிய பெட்டி ஓசையடங்கியது.

டிஸ்க் வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். முதல் கடையில் நான்கு பெட்டியைப் பிரிக்கச் சொன்னார். தயாரித்த தேதி, வரிசை எண், உறையின் முத்திரை எல்லாவற்றையும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார். ஒன்றின் முத்திரை ஓரத்தில் லேசாகத் தூக்கியிருந்தது, தள்ளி வைத்தார். கடைக்காரர் என்னைப் பார்த்து, "என்னம்மா, தர்பூசணி வாங்க வந்தவர் மாதிரி தட்டிப் பாக்கறாரு?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தால் கழுத்திலிருந்து காற்று புஸ்ஸென்று வரும், கடைக்காரர் பயந்துவிட்டார். அங்கே ஒன்றுதான் வாங்கினார். இரண்டும் ஒரே கூட்டத்தில் பிறந்ததாக இருக்கக் கூடாதென்று, ஊரின் மறுகோடிக்குப் போய் இன்னொன்று வாங்கினார். ரோடு சரியில்லையென்று இரண்டையும் துண்டில் சுற்றி என் மடியில் வைத்தார். கைக்குழந்தையைக் கொண்டுவருவதுபோல் கொண்டுவந்தேன்.

பிறகு சோதனை. ஒரு பழைய கணினியில் இரண்டையும் மாட்டினார். டிஸ்க்கின் முதல் இடத்திலிருந்து கடைசி இடம் வரை எழுத வேண்டும், எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்க வேண்டும். இப்படி நான்கு சுற்று. ஒரு இடத்தில் தப்பாக வந்தாலும் திரையில் காட்டிக்கொடுத்துவிடும். ஐந்து நாள் பிடிக்கும் என்றார். சூடாகக் கூடாதென்று மேசை விசிறியைத் திருப்பி வைத்தார். இரண்டு மணிக்கொரு தரம் சூட்டைப் பார்த்து ஒரு தாளில் குறித்தார். கதவை அறைந்து சாத்தினால் அதிர்வு போகும் என்று எனக்கு உத்தரவு. நான்கு நாள் வீட்டில் பூனைபோல் நடந்தேன்.

மகள் தினமும் கூப்பிட்டாள். "எத்தனை சதவீதம்?" என்று மட்டும் கேட்டாள். அவர் சொன்னதும் வைத்துவிட்டாள்.

ஐந்தாம் நாள் உச்சி வேளையில் முடிந்தது. இரண்டிலும் பிழை பூஜ்யம். "பாரு, பாரு!" என்று என்னை இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினார். இத்தனை நாளில் அன்றுதான் அவர் சிரித்தார். புது டிஸ்க் ஒன்றைச் சர்வரில் செத்ததன் இடத்தில் பொருத்தினார். பழையதைத் தொடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு மின்விசையை அழுத்தினார்.

உள்ளே பழைய டிஸ்க் டிக் என்றது. கொஞ்சம் நிறுத்தி மறுபடி டிக். அதற்குமேல் ஒன்றுமில்லை. சுழல்கிற ரீங்காரம் வரவே இல்லை.

அணைத்துவிட்டு மறுபடி போட்டார். அதே டிக். மூன்றாம் முறை விசைக்குப் போன கையைப் பாதியில் இழுத்துக்கொண்டார். ஆறு வருஷம் நிற்காமல் ஓடியதை நிறுத்தியிருக்கிறோம், திரும்பக் கிளம்பத் தெம்பில்லை. அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

செத்த டிஸ்க்கைத் திறந்து பார்க்கிற கடை ஒன்றுக்கு இரண்டு பழசையும் அனுப்பினோம். பதினெட்டாம் தேதி வந்தது, போயிற்று. பேச்சுப் பயிற்சி அம்மா வேறு ஏதாவது குரல் இருக்கிறதா என்று கேட்டார். எங்கே இருக்கிறது? எல்லா வீடியோவும் அதே பெட்டியில். மகளிடம் எங்களுடைய பழைய கல்யாண வீடியோ ஒன்று இருந்தது. அதில் நான் வாயையே திறக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே நாளை யாரோ பத்திரப்படுத்தியிருக்கிறார்கள்.

இரண்டு வாரம் கழித்து அந்தக் கடைக்காரர் கூப்பிட்டார். "சார், உள்ள தட்டு பூராவும் சுரண்டிப்போயிருக்கு. ரெண்டுமே. எடுக்கறதுக்கு ஒண்ணுமில்ல சார், மன்னிச்சுக்குங்க."

அன்றே மகளை வீடியோவில் கூப்பிட்டுச் சொன்னார். ஒலிபெருக்கியில் போட்டிருந்தார், நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் அழுதாள், பிறகு கத்தினாள். "அஞ்சு நிமிஷம்! அஞ்சே நிமிஷம்ப்பா! உங்க பிடிவாதத்துக்கு அம்மா குரலையே குடுத்துட்டீங்களே. யாரு நிறுத்தச் சொன்னாங்க உங்கள?"

"நான்தாம்மா. நான்தான் நிறுத்தினேன்" என்றார்.

என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு வார்த்தை என்னைப் பற்றிச் சொல்லவில்லை. நான் மேசையைத் தட்டி, எழுதிக் கேமராவில் காட்டியிருக்கலாம். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊமையாக இருப்பதில் இப்படி ஒரு சௌகரியம் இருக்கிறதென்று அன்றுதான் தெரிந்துகொண்டேன், கேவலம்.

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. சாப்பிடவும் இல்லை. என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"திட்டு" என்றார். "இத்தனை நாளா ஒரு வார்த்தை எழுதிக்கூடத் திட்டல நீ. என்னால தாங்க முடியல. எழுத வேணாம். வாயாலயே திட்டு. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

திட்டினேன். முட்டாளே, கல்லுளிமங்கா, நாசமாய்ப் போக, எனக்குத் தெரிந்த அத்தனையும் உதட்டில் வந்தது. அவர் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டிக்கொண்டே இருக்கும்போது, அழுகையும் வந்துவிட்டபோது, நிறுத்தச் சொன்னது நான்தானே, நீங்கள் காப்பி எடுக்கத்தான் போனீர்கள், என்னை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன். இரண்டு தரம் கேட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. அதுவும் வசவென்று நினைத்துக்கொண்டு, "ஆமா, சரிதான், வாஸ்தவம்தான்" என்று ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார்.

குறிப்பேடு என் மடியில்தான் கிடந்தது. நான் எழுதவில்லை.