மூக்குத்தி ஜீப்

செய்யது அபுதாஹிர் மாமா ராணுவம் ஏலம் விட்ட பழைய ஜீப் ஒன்றை ஓட்டி வந்தபோது, தெருவில் ஒருவரும் அதை வண்டி என்று ஒத்துக்கொள்ளவில்லை. கதவு கிடையாது. ஹாரனை அமுக்கினால் வைப்பர் ஆடும். ஆனால் நாலு சக்கரமும் இழுக்கும். எங்கள் கரிசலுக்கு அது போதும்.

சிவகாசியைச் சுற்றிப் பட்டாசு ஆலைகள் ரோட்டை விட்டுத் தள்ளி, கரிசல் காட்டுக்குள் கிடக்கின்றன. மழை விழுந்தால் மண் களியாகி, லோடு ஏற்றிய லாரியை அச்சு வரைக்கும் முழுங்கிவிடும். அப்போது மாமாவைத் தேடி ஆள் வரும். லாரியை இழுத்துவிடுவதுதான் அவர் பிழைப்பு. ரிவர்ஸ் கியர் போட்டுத்தான் இழுப்பார். இழுக்கிற லாரி கண் முன்னாலேயே இருக்க வேண்டும் என்பார். அதனால் ஜீப்பின் முன்பக்கத்தில் கொக்கி வேண்டும்.

கொக்கியில் கயிறு மாட்டுவதும், தள்ளி நின்று கை காட்டுவதும் பைசல். அவன் பீவி ஜான் மாமியின் தம்பி. மச்சானும் மச்சினனும் ஜீப்பில் போகும்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். யார் கேட்கிறார் என்பது அல்லாவுக்குத்தான் தெரியும்.

வெடிமருந்து புழங்குகிற இடத்தில் இரும்போடு இரும்பு உரசக் கூடாது. பொறி ஒன்று பறந்தால் ஷெட்டும் இருக்காது, உள்ளே இருக்கிறவர்களும் இருக்க மாட்டார்கள். அதனால் ஆலைக்குள் மருந்து கெட்டிக்கிற குச்சி முதல் சாமான்கள் பலதும் பித்தளையிலோ மரத்திலோ இருக்கும். எம். புதுப்பட்டி பக்கம் ஓர் ஆலையில் போர்மேனாக இருந்த வேதமாணிக்கம், மாமாவின் இரும்புச் சங்கிலியைப் பார்த்ததும் கேட்டை மறித்துக்கொண்டு நின்றார். சங்கிலியை எறிந்துவிட்டுக் கயிறு வாங்கியிருந்தால் போதும். ஆனால் பட்டாசு ஊரில் பிறந்தவர்களுக்குப் புத்தி ஒரே பக்கம்தான் ஓடும். கயிறும் வாங்கினார்கள், கொக்கியையும் பித்தளையில் வார்த்தார்கள்.

பித்தளைக்கு மாமியின் கல்யாணச் சீர் அண்டா உருகியது. கொக்கி தகதகவென்று வந்தது. ஜீப்பின் மூஞ்சிக்கு மூக்குத்தி போட்ட மாதிரி இருந்தது. மறுநாள் காலையில் பானெட்டில் ‘மூக்குத்தி’ என்று வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருந்தது. மாமா சிரித்தார். வேதமாணிக்கம் கொக்கியைத் தடவிப் பார்த்து, “இது நல்லாருக்குய்யா, தாராளமா உள்ள வாங்க” என்றார்.

அது 2005. நோன்பும் தீபாவளி சீசனும் ஒன்றாக வந்த வருஷம். மழையும் சேர்ந்துகொண்டது. ஒரு மத்தியானம் அதே ஆலையில் லாரி புதைந்தது. பைசல் கயிற்றை மாட்டிவிட்டு லாரிப் பக்கம் போய் நின்று கை காட்டினான். மாமா இழுத்தார். நைலான் கயிறு நீண்டு விறைத்தது. இரும்பாக இருந்தால் வளைந்தாவது காட்டும். பித்தளைக் கொக்கி கழுத்தோடு பட்டென்று ஒடிந்தது. ஒடிந்த துண்டைக் கயிறு லாரிப் பக்கம் சுண்டி எறிந்தது. மாமாவின் கண் முன்னாலேயே பைசலின் இடது கண் போனது.

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த பிறகு, மாமி ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினார்.

“எங்கம்மா எனக்குச் சீராக் குடுத்த அண்டா அது. சின்னப் புள்ளையில அவன அதுலதான் குளிப்பாட்டுவோம்” என்றார். பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

பைசல் வீட்டுக்குள்ளேயே கிடந்தான். ஜீப் வெளியே கிடந்தது. ஒரு நாள் மாமா அவனிடம், “ஏலே, வண்டிக்கு வாரியா?” என்று கேட்டார்.

“ஒழுங்கான கொக்கி மாட்டுங்க மச்சான், வாரேன். எனக்கு வேற என்ன தெரியும்?”

அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு மாமா அலைந்தார். பம்பரில் ஏற்கெனவே இரண்டு வளையங்கள் இருந்தன. ஜீப்பை ரயிலில் ஏற்றும்போது கட்டிவைக்கிற வளையங்கள் அவை, இழுக்கத் தாங்காது. பம்பரே வெறும் தகரம். வெல்டிங் பட்டறை ஆண்டிச்சாமி கொக்கியை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் வைத்துப் பற்றவைத்துத் தருவதாகச் சொன்னார்.

“வெல்டு வச்சிருவோம் பாய். யானை இழுத்தாலும் வராது.”

“யானை இழுக்காது அண்ணாச்சி. லாரிதான் இழுக்கும். சூட்டுல இரும்பு செத்துப்போச்சுன்னா அதுக்கு யாரு சாட்சி? போல்ட்டுதான் வேணும்.”

மதுரையில் பழைய லாரி உடைக்கிற இடத்தில், காய்ச்சி அடித்த இரும்புக் கொக்கிகளாகப் பொறுக்கினார். ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவிவிட்டுக் காத்திருந்தார். கீறல் இருந்தால் அதில் பதுங்கிய எண்ணெய் பொடியில் கோடாகக் கசியும். பார்க்க நல்லதாக இருந்த கொக்கி ஒன்று தலைமுடி அளவுக்குக் கோடு காட்டியது. அதை மறுபடி யாரும் எடுத்துவிடக் கூடாது என்று சம்மட்டியால் அடித்து இரண்டாக உடைத்துவிட்டுத்தான் வந்தார். கடைக்காரர் வைதது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

தேறியது ஒரு ஜோடி. சேசிஸின் முன்பக்க நுனி இரண்டிலும் நுனிக்கு ஒன்றாக வைத்து, உள்பக்கம் கனத்த பட்டை கொடுத்து, குறுக்கே துளைத்துப் போல்ட் முடுக்கினார்கள். இரண்டு கொக்கிக்கும் சேர்த்து ஒரே நைலான் பெல்ட். பாரம் இரண்டிலும் பாதி பாதியாக விழும். இழுக்கும்போது இரும்பு எங்கேயும் இரும்பில் உரசாது. பெல்ட்டின் மேல் போட ஒரு ஈரச்சாக்கு. அறுந்தால்கூடப் பறக்காமல் சாக்கு அமுக்கிப் பிடிக்கும்.

கார்த்திகை மழையில் அதே ஆலைக்குக் காகித லோடு கொண்டுவந்த லாரி புதைந்தது. கேட்டில் வேதமாணிக்கம் கொக்கியைத் தொடாமல் பார்த்தார். எப்போதோ தீயில் வெந்து விரல்கள் ஒட்டிப்போன கையை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார்.

“நல்லாருக்கான்னு எங்கிட்டக் கேக்காதீக பாய். போன தடவையும் நாந்தான சொன்னேன்.” நகர்ந்து வழிவிட்டார்.

மாமா ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தார். பைசல் பெல்ட்டை எடுத்துக்கொண்டு ஜீப்பின் முன்னால் குனிந்தான். பெல்ட்டின் நுனி வளையத்தைக் கொக்கியில் போட்டான். விழவில்லை. கொக்கிக்கு ஒரு சாண் முன்னாலேயே வெறும் காற்றில் போட்டிருந்தான். மறுபடி போட்டான். இந்தத் தடவை கொக்கியைத் தாண்டிப் பம்பரில் இடித்தது.

லாரி டிரைவர் சங்கையா வெளியூர் போய் வந்தவர், நடந்தது எதுவும் தெரியாது. “ஏலே, கொக்கி என்ன ஓடியா போகுது?” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு லாரியில் ஏறிக்கொண்டார்.

மாமா இறங்கவில்லை. இறங்கினால் அதுவே ஒரு வார்த்தை ஆகிவிடும். மழை கண்ணாடியில் வழிய, வைப்பருக்காக ஹாரனை அமுக்கினால் அவசரப்படுத்தியதாக ஆகிவிடும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தார். பைசல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இருட்டில் சாவித்துவாரம் தேடுகிறவனைப் போலப் பம்பரை விரலால் தடவிக்கொண்டே போனான். போல்ட் தலை தட்டுப்பட்டது. அதிலிருந்து கொக்கி. வளையத்தை மாட்டினான். இரண்டாவதையும் அப்படியே தடவி மாட்டினான். சாக்கைப் போட்டுவிட்டு, வேண்டிய அளவுக்கும் அதிகமாகத் தள்ளிப்போய்க் கையைத் தூக்கினான்.

லாரி வெளியே வந்தது. கொக்கிகள் இரண்டும் இம்மியும் நகரவில்லை.

திரும்பும் வழியில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. எஞ்சினை நிறுத்திய பிறகு பைசல் பேசினான்.

“கொக்கி அசையல மச்சான்.”

“ம்.”

“வேற ஆளு பாத்துக்கங்க.”

“பழகிரும்லே. கொஞ்ச நாளு.”

“மாட்டுறது பழகிரும். நீங்க வண்டிய நகத்துறப்ப அது கிட்ட நிக்குதா, தூர நிக்குதான்னு எனக்குப் பிடிபடல. ஒருநா ஒங்க சக்கரத்துக்கு அடியிலயே நின்னு கை காட்டுவேன். அப்பறம் அக்கா மொகத்துல எப்படி முழிப்பீக?”

ரயில் போனது. கேட் திறந்தது. பின்னால் நின்ற பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். மாமாவுக்குச் சாவியைத் திருப்பக் கொஞ்ச நேரம் ஆனது.

இப்போது பைசல் காலண்டர் அச்சாபீஸில் தாள் அடுக்குகிறான். தட்டித் தட்டிச் சேர்த்தால் ஓரம் கைக்கே தெரியும், கண் தேவைப்படாது. பானெட்டில் இருந்த ‘மூக்குத்தி’யை ஒரு மத்தியானம் யாரோ மண்ணெண்ணெய் போட்டு அழித்துவிட்டார்கள். மாமா யாரென்று விசாரிக்கவில்லை. எழுதின கைதான் அழித்தது என்று அவருக்குத் தெரியும். அதைப் பற்றி என்னிடம் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

லாரி புதைந்தால் மாமா தனியாகத்தான் போகிறார். இறங்கி மாட்டுகிறார். சாக்கைப் போடுகிறார். ஏறி இழுக்கிறார். மறுபடி இறங்கிக் கழற்றுகிறார். ஆள் போட்டுக்கொள்ளச் சொன்னால், “பாப்போம்” என்பார். வீட்டுக்கு வரும்போது ஈரச்சாக்கு பக்கத்து சீட்டில், பைசல் உட்காருகிற இடத்தில் சொட்டிக்கொண்டே வரும். பின்னால் போட எவ்வளவோ இடம் இருக்கிறது.