மத்தியானம் பூட்டியிருக்கும் பூங்கா

பிலோமினாவின் பூங்காவில் பூ கிடையாது. மூன்று பூவரசு, மூக்குடைந்த சிமெண்ட் டால்பின் ஒன்று, கட்டிய நாளிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் பார்க்காத பவுண்டன் ஒன்று, எல்லாவற்றையும் சுற்றி ஒரு நடைபாதை. தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில், மீன்காரத் தெருவுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பூங்காவுக்கு வாசல் ஒன்றுதான். வாசலின் சாவி பிலோமினாவின் இடுப்பில்.

காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை திறந்திருக்கும். அப்போது சர்க்கரை வியாதிக்காரர்கள் வருவார்கள். சாயங்காலம் நாலிலிருந்து எட்டு வரை திறந்திருக்கும். அப்போது இன்னும் சர்க்கரை வராத காதலர்கள் வருவார்கள். நடுவில் பூட்டு. அந்த நேரம் யாருக்கு என்று பலகையில் எழுதவில்லை. அது நெத்திலிக்கு.

நடைபாதைக்குக் கல் பதித்த வாரமே தெருப் பெண்கள் வந்து உள்ளங்காலை வைத்துப் பார்த்துவிட்டார்கள். பத்து மணிக்கெல்லாம் தோசைக்கல் மாதிரிச் சுட்டது. மணலில் காயப்போட்டால் கருவாட்டோடு பாதி மணலையும் தின்ன வேண்டும். இங்கே பல்லில் ஒன்றும் கடிபடாது. "நம்மள நெனச்சுத்தாம்ளா போட்டிருக்கான்," என்றாள் மெட்டில்டா. தெருவில் ஒருத்தர் மனதில் நினைப்பதை மெட்டில்டா முதலில் சத்தமாகச் சொல்லிவிடுவாள். அன்றிலிருந்து அவளும் இன்னும் நாலு பேரும் தினமும் ஒன்பதேகாலுக்குக் கூடையோடு வாசலில் வந்து நின்று, "எக்கா, தொறப்பீங்களா?" என்று கேட்பார்கள்.

அந்தக் கேள்வி பிலோமினாவுக்குத் தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, இறால் கம்பெனியில் ஐஸ் தண்ணீருக்குள் கைவிட்டுப் பதினேழு வருஷம் தோல் உரித்தவள் அவள். அங்கே ஒண்ணுக்குப் போகவும் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும். வீட்டில் புருஷன் ஆன்றோவிடம் கேட்க வேண்டும், அவன் கடலுக்குப் போன நாளில் மாமியாரிடம் கேட்க வேண்டும். நாற்பத்தாறு வயதில் இந்தப் பூங்காக் காவல் வேலைக்கு வந்த பிறகுதான் அடுத்தவர் அவளிடம் கேட்டார்கள். குளிக்கும்போதுகூட அவள் சாவியைக் கழற்றுவதில்லை.

ஆனால் சாயங்காலம் வருகிறவர்களுக்கு மூக்கு இருந்தது. இரண்டு புகார் போய்விட்டது. "மூணாவதா ஒரு ஆளு மீன் நாத்தம்னு சொன்னான்னா, சாவிய வச்சிட்டுப் போயிட்டே இரு," என்று அவளை வேலைக்கு வைத்திருந்த காண்டிராக்டர் சொல்லியிருந்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்றரை மணிக்கு போன் வந்தது. மாநகராட்சியில் பூங்காக்களைப் பார்த்துக்கொள்ளும் என்ஜினியர் ஜெயகணேஷ்.

"பிலோமினா, சென்னையிலேர்ந்து ஒரு மேடம் வந்திருக்காங்க. நம்ம கடற்கரை, பூங்கா எல்லாத்துக்கும் வழிகாட்டி புஸ்தகம் போடுதாங்க. மாதா கோயில் பக்கம் நிக்கோம். பத்து நிமிஷத்துல அங்க வாரோம்."

நடைபாதை முழுக்க வெள்ளியாக மின்னியது. கால் வைக்க இடமில்லை.

"ஏளா, அள்ளுங்க! அள்ளி வீட்டுக்கு ஓடிருங்க! நான் போயி அவங்கள அரைமணி நேரம் சுத்தவிடுதேன்," என்று கத்திவிட்டு பிலோமினா ஓடினாள்.

பிலோமினா வெளியாளிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியவள் இல்லை. குனிந்த தலை, ஓரக்கண், அவ்வளவுதான். ஆனால் அந்த ஓரக்கண் தெருவில் எதையும் விட்டு வைத்ததில்லை. மாதா கோயில் வாசலில், கறுப்புக் கண்ணாடி போட்ட சென்னை மேடம் உமாராணி நோட்டைத் திறந்ததும் அத்தனையும் கொட்டியது.

"முத்து எங்கம்மா எடுப்பாங்க?"

"நகைக்கடையில மேடம். கடல்ல எடுக்கது நான் பொறக்கும் முன்னாலயே நின்னுட்டு. இந்தா, இது வல பின்னுத கொட்டகை. பாதிப் பேரு பின்னுவாங்க, மீதிப் பேரு அவங்க பின்னுதத கொற சொல்லுவாங்க. அந்தா கடலோரத்துல ஒரு பெஞ்சு தெரியுதுல்லா, அதுல ஒக்காந்து பேசி முடிச்ச கல்யாணம் ஒண்ணும் வெளங்கல. அந்த பேக்கரில மக்ரூன் நல்லாருக்கும். ஆனா கடக்காரர் மொகத்தப் பாக்காம வாங்கணும்."

உமாராணி சிரித்துக்கொண்டே எழுதினாள். ஜெயகணேஷ் வேர்த்துக்கொண்டே நடந்தான். அரைமணி நேரம் சுகமாகக் கழிந்தது. சேலையைச் சரிசெய்ய இடுப்பில் கைவைத்த பிலோமினாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சாவி இடுப்பில் இருந்தது. வெளியே கால் வைத்தால் அவள் கை தானாகப் பூட்டும். ஓடிவந்த ஓட்டத்திலும் பூட்டியிருக்கிறது. ஐந்து பெண்களும் அத்தனை நெத்திலியும் உள்ளே. சுற்றிலும் ஏழடிக் கம்பிவேலி.

"வெயில் தாங்கல, பார்க்குக்குப் போவோம்," என்றான் ஜெயகணேஷ்.

பிலோமினா பூட்டை எவ்வளவு சத்தமாகத் திறக்க முடியுமோ அவ்வளவு சத்தமாகத் திறந்தாள்.

நடைபாதை சுத்தமாக இருந்தது. அதில் நாலு பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையை வீசி, விறைப்பாக நடந்துகொண்டிருந்தார்கள். உடற்பயிற்சிக் கருவி ஒன்றில் ஏறியிருந்த மெட்டில்டா, காலை முன்னும் பின்னும் ஆட்டியபடி அந்தரத்தில் தொங்கினாள்.

"மத்தியானம் பூட்டியிருக்கும்னு போட்டிருக்கே?" என்றாள் உமாராணி.

"ஆம்பளையாளு இருந்தா எங்களுக்குக் கூச்சம் மேடம். அதான் பூட்டிட்டு நடக்கோம்," என்றாள் மெட்டில்டா மூச்சு வாங்க.

வறண்ட பவுண்டன் தொட்டியை நீலத் தார்ப்பாய் மூடியிருந்தது. தொட்டி விளிம்பில் காக்கைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"அதுல என்ன இருக்கு?"

பிலோமினாவின் கை சாவிக்குப் போனது. போச்சு, சாவி போச்சு. அதற்குள் ஜெயகணேஷ் முந்திக்கொண்டான். "மோட்டார் மேடம். போன மாசந்தான் பவுண்டனுக்குப் புது மோட்டார் வச்சோம். தூசி படாம மூடி வச்சிருக்கோம்."

பிலோமினா முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள். இருப்பது ஒரே வாசல், ஒரே சாவி. போன மாதம் மட்டுமில்லை, எந்த மாதமும் மோட்டார் என்று ஒரு சாமான் அந்த வாசலில் நுழைந்ததில்லை. அவள் பார்ப்பதை அவனும் பார்த்தான். அவன் கழுத்து சிவந்தது.

"போடச் சொல்லுங்களேன், ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்," என்று உமாராணி தார்ப்பாயை நோக்கி நடந்தாள்.

"கரண்டு இல்ல மேடம்!" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

வாசல் ஓரம் இருந்த பிலோமினாவின் அறையில் ஃபேன் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. உமாராணி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி ஃபேனைப் பார்த்தாள், காக்கைகளைப் பார்த்தாள், காற்றை ஒருதரம் இழுத்து முகர்ந்தாள். பிறகு நோட்டில் ஒரு வரி எழுதினாள்.

"என்ன மேடம் எழுதுனீங்க?" பிலோமினா நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"சாயங்காலம் நாலு மணிக்கு மேல வந்தா நல்லதுன்னு. அதுக்கு முன்னாடி யாரும் வர வேண்டாம்னு." சிரிக்காமல் சொல்லிவிட்டு உமாராணி, பின்னாலேயே வந்து வாசலில் நின்ற ஆபீஸ் ஜீப்பில் போய் ஏறினாள்.

ஜெயகணேஷ் மட்டும் நின்றான். தார்ப்பாயின் ஓரத்தை விரலால் தூக்கி எட்டிப் பார்த்து, உடனே மூடினான்.

"இது காண்டிராக்டருக்குத் தெரிஞ்சா என்ன ஆவும் தெரியுமா?"

"தெரியும் சார். சாவிய வாங்கிருவாரு. அப்போ நீங்க பில்லு போட்ட மோட்டார் எங்கன்னும் கேப்பாரு."

அவன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

"சரி, சரி. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். புகார் ஏதும் வந்தா நான் பாத்துக்கிடுதேன்." இரண்டடி போனவன் திரும்பினான். "இனிமே பகல்ல வரணும்னா, முன்னாலயே கேட்டுக்கிட்டு வரட்டுமாக்கா?"

பிலோமினா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். இறால் கம்பெனி சூப்பர்வைசர் எப்படி நிற்பானோ அப்படிக் கொஞ்ச நேரம் நின்றாள்.

"கேளுங்க. பாத்துச் சொல்லுதேன்."

"ஏளா, பேசுனது போதும்," பின்னாலிருந்து மெட்டில்டா கத்தினாள். "ஆராவது வந்து என்னைய எறக்கிவிடுங்க, இத நிறுத்துத வழி தெரியல!"